கொல்லைச் சேம்பு

கோத்தகிரி
12-1-1972

அண்ணனுக்குத் தங்கை செவ்வந்தி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இது உங்களுக்கு எழுதுகிற கடிதமே இல்லை, அம்மாவுக்கு. அவளுக்கு எழுத்துத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், அதனால் உங்கள் பேர் போட்டிருக்கிறேன். வாசித்துக் காட்டாவிட்டால் அந்தப் பாவம் உங்களோடு.

நாங்கள் பனையடிக்கோட்டகத்தை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்தோம் என்ன, நீங்கள் துரத்தினீர்கள். கூலி உயர்வுக்குச் சங்கம் அறுப்பை நிறுத்தியபோது உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர், பண்ணை வயலில் இறங்கி அறுத்தார். அதற்காகத் தெருக்கட்டுப்பாடு போட்டீர்கள். நெருப்பில்லை, தண்ணீரில்லை, வாய்ப்பேச்சில்லை. கூட்டத்தில் எழுந்து அதைப் படித்தது சங்கச் செயலாளர் வைரக்கண்ணு, என் கூடப்பிறந்தவர். சரி, விடுங்கள். இதை எழுத உட்காரவில்லை.

இங்கே ஒரு பங்களாவில் அவருக்குத் தோட்ட வேலை, எனக்குச் சமையல்கட்டு. பங்களா அம்மாவுக்குப் பெரிய இலைச் செடி என்றால் உயிர். எங்கிருந்தோ சேம்பு வாங்கி வைத்திருக்கிறார்கள், கைக்குட்டை அளவில் இலை விட்டிருக்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வூட்டுக் கொல்லையில யானைக் காது மாதிரி நிக்கும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். நம் கருந்தண்டுச் சேம்புக் கிழங்கு நாலு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். பங்களா அம்மாவுக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

இன்னொன்று. குடியிருக்கிற மனையைக் குடியிருக்கிறவனுக்கே கொடுக்கச் சட்டம் வந்துவிட்டதாக இங்கே ரேடியோவில் சொன்னார்கள். நான் புறப்பட்ட அன்று அம்மா என்ன சொன்னாள் என்று உங்களுக்கும் காதில் விழுந்திருக்கும். "சேம்பு நிக்கிற பக்கம் ஒனக்குடி. என்னைக்கு வந்தாலும் ஒரு குடிச போட்டுக்க." அதை மறந்துவிடாதீர்கள்.

செவ்வந்தி


பனையடிக்கோட்டகம்
9-2-1972

செவ்வந்திக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றுக்கு மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். எனவே பாவம் என்மேல் இல்லை.

நான் துரத்தியதாக எழுதியிருக்கிறாய். தெரு முழுக்கப் பட்டினி கிடந்து பண்ணைக்கு எதிராக நின்றபோது, மேலப்பண்ணை வயலில் வெளியூர் ஆட்களோடு சேர்ந்து அரிவாள் பிடித்தவன் உன் புருஷன். எனக்கு மச்சான் என்பதற்காக அவனுக்கு ஒரு நியாயம், அடுத்த வீட்டுச் சாமிதுரைக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியுமா? தெருவின் காலில் விழுந்து எழுந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவனுக்கு முதுகு வளையவில்லை. பண்ணைக்கு முன்னால் மட்டும் நன்றாக வளைந்தது.

கிழங்கு வேண்டுமாம்! அந்த இலையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. அப்பாவுக்குப் பண்ணை வீட்டுக் கொல்லையில் எதில் கஞ்சி ஊற்றினார்கள்? மண்ணில் குழி தோண்டி, அதில் சேம்பிலையைப் பதித்து, எட்ட நின்று ஊற்றினார்கள். நானும் அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் குடித்திருக்கிறேன். உனக்கு அப்போது விவரம் தெரியாது. நம் வீட்டிலிருந்துதான் இலை அறுத்துக்கொண்டு போவோம், அவன் வீட்டு இலைகூட நமக்கு ஆகாது என்று. அந்தச் சனியனை இப்போது பங்களாவில் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்களா? பார்க்கட்டும்.

அம்மா பிடிவாதம் பிடித்ததால் அனுப்புகிறேன். சட்டம் வந்தது உண்மை. கட்டுப்பாடு இருப்பதும் உண்மை.

அம்மா சொல்லச் சொன்னது: "தாய்க் கெழங்கா பாத்து நானே நோண்டியிருக்கேன். ஈரத்துல வையி. பாப்பாவுக்கு எண்ணெ தேச்சு வுடு, குளுருல தோல் வெடிச்சுப் போயிடும்."

வைரக்கண்ணு


கோத்தகிரி
20-7-1972

அண்ணனுக்கு,

அம்மா பேச்சைக் கேட்டு ஓடையோரமாக ஈரத்தில் வைத்தேன். நம்மூரில் வாய்க்கால் கரையில் செருகிவிட்டு வந்தால் அது பாட்டுக்கு நிற்கும், நாம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். இங்கே அப்படி இல்லை. விடிந்து பார்த்தால் பனி உறைந்து புல்லெல்லாம் உப்புத் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பாதிக் கிழங்கு அழுகிக் கூழாகிவிட்டது. ஐயோ, நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து அவர் பயந்துபோய்விட்டார்.

மிச்சத்தைத் தோண்டி எடுத்து, பிஸ்கோத்து டின்னில் இலைமக்கு போட்டு, அதில் புதைத்துச் சமையல்கட்டு அடுப்புக்கு மேலே வைத்தேன். கிழங்குக்கு வேண்டியது ஈரம் மட்டுமில்லை, சூடு. சூடில்லாத ஈரம் அதற்கு எமன். சித்திரையில் மூக்கு நீட்டியது. வைகாசியில்தான் வெளியே வைத்தேன். காற்று அடிக்காத, வெயில் விழுகிற சுவரோரமாகப் பார்த்து அவர் குழி எடுத்துக் கொடுத்தார். இப்போது முறம் அளவுக்கு இலை. தண்டு அதே கறுப்பு. பங்களா அம்மா வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து காட்டுகிறார்கள். காலையில் இலையில் தண்ணீர் உருள்வதைப் பாப்பா விரலால் துரத்துகிறாள்.

அண்ணே, கஞ்சி ஊற்றியது இலையின் குற்றமா? அந்த இலையைத்தான் நடவு மழையில் அம்மா என் தலைக்குப் பிடித்தாள். உங்களுக்குக் குழி ஞாபகம், எனக்கு மழை ஞாபகம்.

அவர் அறுக்கப் போனதைச் சரி என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிரசவமாகி நான் பாயில் கிடந்தேன். சங்கத்து நெல்லைத் தெருவில் பங்கு வைத்தபோது, பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தீட்டு கழியட்டும் என்று தாண்டிப் போனீர்கள். சங்கத்துக்கு எதற்கு அண்ணே தீட்டு?

அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

செவ்வந்தி


பனையடிக்கோட்டகம்
2-10-1972

செவ்வந்திக்கு,

நல்ல சேதி. தெரு மொத்தத்துக்கும் மனைப் பட்டா கேட்டு மனுக் கொடுத்துவிட்டோம். மன்னார்குடியில் ஊர்வலம் போனோம். பண்ணைக் காரியஸ்தர் இளையபெருமாள் முகத்தில் ஈயாடவில்லை. தலைமுறை தலைமுறையாக அவன் மண்ணில் ஒண்டியிருந்தோம். இனி நம் மண்.

தீட்டு விஷயம் சரியில்லைதான். அதைப் பிறகு பேசுவோம்.

அந்தச் சேம்பைப் பிடுங்கிவிட்டேன். மனுக் கொடுத்துவிட்டு வந்த கையோடு மண்வெட்டியை எடுத்தேன். சொந்த மனையில் அடிமை இலை நிற்கக் கூடாது என்று தெருப்பிள்ளைகள் முன்னால் சொல்லித்தான் வெட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். சாமிதுரை வாய்விட்டு அழுதான். அவன் அப்பனும் அந்தக் குழியில் குடித்தவன்தானே. ஒரு கிழங்கு விடாமல் புரட்டி எடுத்து, மேலே வைக்கோல் பரப்பிக் கொளுத்தினேன். இனி அங்கே ஒன்றும் துளிர்க்காது. மனசு லேசாக இருக்கிறது.

அம்மாவுக்கு இருமல் விட்டபாடில்லை. சேம்பை வெட்டிய அன்று என்னோடு பேசவில்லை, சோறும் தின்னவில்லை. இப்போது பேசுகிறாள்.

அம்மா சொல்லச் சொன்னது: "இவன் பொசுக்கிப்புட்டான். ஒங்கிட்ட இருக்கறதையாவது வுட்டுடாதடி."

வைரக்கண்ணு


கோத்தகிரி
18-11-1972

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இத்தனை நாளாகப் பதில் எழுதாமல் இருந்தது வேலையால் இல்லை. எழுதிய தாளையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேம்பு நின்ற பக்கம் யாருக்கு என்று அம்மா சொன்னாள்? அங்கே வெட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சுயமரியாதை பேசுகிற அண்ணனுக்குத் தங்கைக்கும் ஒரு பங்கு மரியாதை உண்டு என்று தோன்றவில்லையே! கை தட்ட ஆளிருந்தால் போதும் உங்களுக்கு.

அம்மாவிடம் சொல்லுங்கள், நான் விடவில்லை. பனி விழுவதற்கு முன்னால் இலையெல்லாம் அறுத்துவிட்டு, கிழங்கைத் தோண்டி, மண் உதறி, நிழலில் காயவைத்து, மரத்தூளில் புதைத்து அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருக்கிறேன். இங்கே தரையில் விட்டால் செத்துப்போகும். வருஷா வருஷம் பிடுங்கித்தான் காப்பாற்ற வேண்டுமாம். நல்ல ஊர்.

பொங்கலுக்கு வரலாம் என்று இருக்கிறேன். அவர் வரமாட்டார். நானும் பாப்பாவும் மட்டும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உங்கள் தெருவில் தண்ணீர் கேட்க மாட்டோம்.

செவ்வந்தி


பனையடிக்கோட்டகம்
6-1-1973

அன்புள்ள தங்கை செவ்வந்திக்கு,

பொங்கலுக்கு இப்போது வர வேண்டாம். இங்கே நிலைமை சரியில்லை.

ஒரு அவசரம். மனை விசாரணைக்கு ஆபீசர் வந்துவிட்டுப் போனார். மற்ற வீடுகளுக்குத் தகராறு இல்லை. நம் வீட்டுக்கு வந்தபோது இளையபெருமாள் குறுக்கே விழுந்தார். "குடிசை வரைக்கும்தான் இவன் மனை. கொல்லைப்பக்கம் பண்ணைக் களத்தச் சேர்ந்தது. எப்பவும் வெறுந்தரைதான், நீங்களே பாருங்க" என்றார். நான் சும்மா விடுவேனா? கருந்தண்டுச் சேம்பு நின்ற இடமெல்லாம் எங்கள் மனை, அப்பா காலத்திலிருந்து வீட்டுத் தண்ணி பாய்கிற பாத்தி, அந்த ஜாதிச் சேம்பு இந்த வட்டாரத்திலேயே வேறு கொல்லையில் கிடையாது என்று ஊருக்கே தெரியும் என்றேன். மணியக்காரரும் ஆமாம் என்றார். அதற்கு இளையபெருமாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எங்கடாப்பா? ஒரு தண்டு காட்டு, நான் வெலகிக்கிறேன்."

ஆபீசர் நல்ல மனுஷன். "சேம்பு நின்ன மண்ணுல மிச்சமிருக்கிற கெழங்கு துளிர்க்காம இருக்காது. மாசிக் கடைசியில திரும்ப வர்றேன். கறுப்புத் தண்டு தெரிஞ்சா கொல்லையும் ஒனக்கு" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. நான்தான் கொளுத்திவிட்டேனே.

பச்சைத்தண்டுச் சேம்பு எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும், அது எடுபடாது. நம் கிழங்கு இப்போது உலகத்திலேயே உன்னிடம்தான் இருக்கிறது. ஒரு பையில் போட்டு உடனே அனுப்பு. போவது உன் பாதிதான், யோசித்துப் பார்.

அண்ணன்
வைரக்கண்ணு


கோத்தகிரி
14-1-1973

அண்ணனுக்கு,

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா சொல்லச் சொன்னது எங்கே?

அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் கடிதம் முடிந்ததே இல்லை. பொங்கலுக்கு வராதே என்று அவள் ஏன் சொல்லவில்லை? என் பாதி போகிற நேரத்தில் "அனுப்புடி" என்று ஏன் சொல்லவில்லை?

இன்றைக்குப் பொங்கல். அடுப்பில் பானை வைக்கவில்லை. உண்மையை எழுதுங்கள்.

செவ்வந்தி


பனையடிக்கோட்டகம்
22-1-1973

செவ்வந்திக்கு,

அம்மா மார்கழி பிறந்ததும் போய்விட்டாள். இருமல்தான். மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம், வழியிலேயே அடங்கிவிட்டது.

தந்தி கொடுக்கக் கிளம்பினேன். சத்தியமாகக் கிளம்பினேன். தெருவில் பெரியவர் வீரையன் மறித்தார். "செயலாளரே, கட்டுப்பாட்டை எழுதினது நீங்க. அந்த வூட்டு ஆளு தெருவுல கால் வச்சா யாரும் பொணம் தூக்க மாட்டாங்க, குழி வெட்ட மாட்டாங்க. ஒங்களுக்கு ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயமா?" என்றார். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? அம்மாவைத் திண்டாட விட முடியுமா? திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கடைசியில் உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இதையும் மறைக்க எனக்கு மனசில்லை.

கிழங்கை அனுப்பு தங்கச்சி. கொல்லையும் போய்விட்டால் அவள் நடமாடிய மண்ணில் பாதி போய்விடும்.

வைரக்கண்ணு


கோத்தகிரி
2-2-1973

வைரக்கண்ணுவுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

என்னைப் பெற்றவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட விடவில்லை நீ. பண்ணைக்காரன்கூட நம் சாவுக்கு அரைநாள் வேலை விடுவான். உனக்கு அந்த ஈரம்கூட இல்லை. பிணத்தைக் காட்டி உன்னைப் பயமுறுத்தினார்களாம், நீ பயந்துவிட்டாயாம். துப்பாக்கிக்குப் பயப்படாதவன் என்று மேடையில் பேசுவாயே!

கிழங்கு தருகிறேன். தபாலில் இல்லை. அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மரத்தூளோடு மூட்டையாகக் கட்டி, வெதுவெதுப்பு போகாமல் கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறேன். அவர் தெருவழியாகப் பகலில் வருவார். நீ வாசலில் நின்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும். அவர் யார் காலிலும் விழமாட்டார், நீயும் விழ வேண்டாம். வாங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் கொடு. அவ்வளவுதான் நான் கேட்பது.

அவர் முதலில் மாட்டேன் என்றார். அம்மா வைத்த கிழங்கு என்றேன். சரி என்றுவிட்டார். பத்தாம் தேதி மன்னார்குடியில் பஸ் விட்டு இறங்குவார்.

செவ்வந்தி


பனையடிக்கோட்டகம்
11-3-1973

செவ்வந்திக்கு,

எல்லாம் முடிந்தது. உன் புருஷன் பிடிவாதத்தால் முடிந்தது.

நான் மன்னார்குடிக்கே போய்க் காத்திருந்தேன். முகம் கொடுத்துத்தான் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். "மூட்டைய இங்கயே குடுத்துடுங்க மச்சான், தெருவுல இப்ப வேணாம்" என்றேன். "தெருவுல வந்துதான் குடுக்கச் சொல்லியிருக்கா ஒங்க தங்கச்சி" என்றான். "அப்படின்னா பொழுது சாஞ்சப்புறம் கொல்லை வழியா வாங்க" என்றேன். அதற்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். நான் என்ன செய்ய முடியும்? பட்டா கைக்கு வருகிற நேரம். தெரு ஒன்றாக நிற்கிறது. செயலாளரே கட்டுப்பாட்டை மீறினான் என்று பேர் வந்தால் நாளைக்கு எவன் சங்கத்தின் பேச்சைக் கேட்பான்? இளையபெருமாள் அதற்குத்தானே காத்திருக்கிறார்? ஒரு தெருவைப் பார்ப்பதா, ஒரு மூட்டையைப் பார்ப்பதா? அவன் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

ஆபீசர் வந்தார். கருகிய மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். தாழ்வாரத் தண்ணீர் சொட்டுகிற இடத்தோடு எல்லைக் கல் போட்டுவிட்டார். மறுநாளே பண்ணை ஆட்கள் முள்வேலி அடைத்துவிட்டார்கள். பின்கதவைத் திறந்தால் வேலியில் இடிக்கிறது. தெருவில் பட்டா முழுசாகக் கிடைக்காத வீடு நம் வீடு ஒன்றுதான்.

அந்த மூட்டையை மட்டும் அவன் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? யோசித்துப் பார்.

வைரக்கண்ணு


கோத்தகிரி
25-3-1973

வைரக்கண்ணுவுக்கு,

யோசித்துப் பார்த்தேன்.

நீ எழுதாமல் விட்டதை அவர் சொன்னார். டீக்கடைப் பெஞ்சில் அந்த மூட்டையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாயாம். அவிழ்த்து, ஒரு கிழங்கை எடுத்து மோந்து பார்த்து, "அம்மா வச்ச ஜாதி" என்று சொன்னாயாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாயாம். பிறகு கட்டி அவரிடமே கொடுத்துவிட்டாயாம். அங்கேயே எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால்கூட அவர் துரத்தியிருக்க மாட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். புறப்படும்போது அவரிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன். "தெரு, வாசல் எல்லாம் நான் ஆத்திரத்துல எழுதினது. எங்க அண்ணன் வாயத் தொறந்து 'வாங்க மச்சான், வூட்டுக்குப் போவோம்'னு ஒரு வார்த்த சொன்னா போதும். அங்கயே குடுத்துட்டு வந்துடுங்க" என்றேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் அந்த வார்த்தைக்காகத்தான் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நீ பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவின் ஒற்றுமையைப் பற்றிப் பேசினாயாம்.

அந்தப் பாதி என் பாதி. எனக்கும் அது தெரியும். இனி நான் வந்து நிற்க அங்கே ஒரு அடி மண்கூடக் கிடையாது. அம்மாவும் இல்லை. வேலி போட்டது பண்ணைதான், ஆனால் கொளுத்திக் கொடுத்தது நீ.

பங்களா அம்மா சித்திரை வருகிறதே, டின்னில் வைக்கவில்லையா என்று கேட்டார்கள். பனியில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். இங்கே பனியில் என்ன வேண்டுமானாலும் போகும், நம்பிவிட்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை... இல்லை, இன்றுதான், நாள்கூட மறந்துபோகிறது எனக்கு. மத்தியானம் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். எல்லாவற்றையும் கழுவி, அவித்து, தோலுரித்துப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். தாய்க் கிழங்கு, பக்கக் கிழங்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். பாப்பா நாக்கு அரிக்கிறது என்று அழுதாள், அவளுக்கு வெல்லம் கொடுத்தேன். மீதியை நான் ஒருத்தியே உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

விட்டுடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் கேட்கவில்லை. புளி போதவில்லை போலிருக்கிறது, தொண்டை இன்னும் அரிக்கிறது.

இனி எழுதாதே.

செவ்வந்தி